இரண்டும் இடது

மேஜை விளிம்பில் ஒட்டிய தாளில்
மைனஸ் இருபது என்று எழுதியிருந்தது.
ஆம்பூரில் அன்று நாற்பத்தோரு டிகிரி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
பஞ்சு அடைப்போம்.
நிறுத்தினால் வியர்வை,
சுழன்றால் கூடம் முழுக்க வாத்து இறகு.
புருவத்தில் ஒட்டியதோடு
டிபன் பாக்ஸைத் திறப்போம்.

பனியில் கூடாரம் அடிக்கிறவர்கள்
படுக்கும்போது போட்டுக்கொள்வதாம்.
சூப்பர்வைசர் கஜபதி சொன்னார்.
“தூங்கறதுக்கு எதுக்குக்கா செருப்பு?”
எப்சிபா கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரிடமும் அந்தக் கேள்விதான் இருந்தது.

அளவு பார்ப்பது என் வேலை.
விரல் நுனியில் இவ்வளவு இடம் எதற்கு,
குதிகால் ஏன் இப்படித் தொளதொளவென்று?
சிவப்புப் பேனாவால் ‘லூஸ்’ என்று எழுதி
பதினெட்டு ஜோடியைத் திருப்பி அனுப்பினேன்.
பதினெட்டும் திரும்பி வந்தன.
‘அப்படித்தான் இருக்கணும்.’
அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மார்கழியில் எரிகல் பார்க்கலாமென்று
ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம், நாலு பேர்.
காலுக்கு என்ன என்பதில் மட்டும்
ஆளுக்கொரு கட்சி.
முனவ்வர் மூன்று காலுறைகளை
ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி,
ஷூவில் காலைத் திணித்து, கயிற்றை இறுக்கினான்.
அவன் மனைவி ஷபானாவுக்கு
மாமியாரின் கம்பளிச் சால்வை.
எப்சிபாவுக்கு அண்ணனின் கம்பூட்.
நான் கழிவுக் கூடையில் துழாவி
அறுபது ரூபாய்க்கு எடுத்துவந்தேன்,
நாற்பத்தொன்றில் ஒன்று, நாற்பத்து மூன்றில் ஒன்று.
இரண்டும் இடது கால்.

ஆலங்காயம் தாண்டியதும்
பைக்கில் பேச்சு நின்றது.
சாமை அறுத்த கொல்லையில் தார்ப்பாய் விரித்தோம்.
குளிர் மேலேயிருந்து இறங்குமென்று
வானத்துக்கு எதிராகப் போர்த்திக்கொண்டு கிடந்தேன்.
அது கீழேயிருந்து வந்தது.
பாயைத் தாண்டி, முதுகை விட்டுவிட்டு,
நேராகப் பாதத்துக்கு.

முதலில் தோற்றது முனவ்வர்தான்.
இறுக்கிய காலில் ரத்தம் போகவில்லை,
பன்னிரண்டு மணிக்கு
விரலிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான்.
கம்பூட்டுக்குள் பகலின் வேர்வை
எப்சிபாவுக்காகக் காத்திருந்து சில்லிட்டிருந்தது.

நான் வலது காலை இடதுக்குள் விட்டேன்.
கட்டைவிரல் சுண்டுவிரலின் வீட்டில்.
இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு, என்னுடைய சூடுதான்,
வெளியே போகாமல் அங்கேயே
சுற்றிச் சுற்றி வந்தது,
நான் ‘லூஸ்’ என்று எழுதிய இடத்தில்.

நடக்கத்தான் இடது வலது வேண்டும்.
படுத்திருக்கிறவளுக்கு எதுவானால் என்ன?

எப்சிபாவின் பல் தாளம் போட்டது.
பெரியதைக் கழற்றிக் கொடுத்தேன்.
எந்த ஊர்ப் பனியில் எந்த மலைமாட்டுக்கென்று தைத்தோமோ,
அதில் அவளுடைய இரண்டு பாதமும் ஒன்றாக நுழைந்தன.
மீதி ஒன்று எனக்கு.
வெறுங்காலை அவள் முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டேன்.
“ஐஸ் மாதிரி கீதுக்கா” என்றாள்,
தள்ளிவிடவில்லை.

எரிகற்களை ஷபானா எண்ணினாள்.
முப்பத்தொன்பது வரை.
நாற்பதாவதை நான் பார்த்தேன்,
சொல்ல வாய் திறப்பதற்குள்
எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மேஜையில் புதுத் தாள்.
பஞ்சு மூட்டைகளை ஓரங்கட்டியிருந்தார்கள்.
மின்விசிறி ஓடியது.
வெயில் நாட்டுக் கடற்கரைக்கு ஆர்டராம்,
ஒரு அட்டை, இரண்டு வார், முடிந்தது.
எப்சிபா தூக்கிப் பிடித்து
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள்.
“இன்னாக்கா இது,
கால் மொத்தமும் வெளியே கீது.”

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
மூடினேன்.