ஒன்பதாவது கைபேசி

ரிகாவில், நுகர்வோர் ஆணையத்தின் மூன்றாம் மாடியில்
மேசைமேல் எட்டுக் கைபேசிகள்.
எட்டுக்கும் நான்தான் பெயர் வைத்தேன்,
ஆறு வாரம் வாழவும் வைத்தேன்.

மூன்றாவது, ஆர்விட்ஸ்:
தள்ளுபடி இல்லாமல் உப்புகூட வாங்காதவன்.
ஐந்தாவது, ஸைகா: நள்ளிரவு தாண்டிப்
பால்பொடி தேடுகிறவள்.
அவளுக்காக இரண்டு மணிக்கு
அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்.
எட்டாவதற்குப் பெயர் மட்டும், மீல்டா.
அவளைத் தேடவிட்டது:
கருப்புக் கோட்டு, மலர்வளையம்,
டப்ளின் மருத்துவமனைக்குப் பேருந்து எண்.
(டப்ளின் ஏன்? என் தம்பி அங்கே சாரம் கட்டுகிறான்.
வேறு ஊர் எதுவும் வாயில் வரவில்லை.)

பிப்ரவரி, ஒரு செவ்வாய், காலை பத்து பதினேழு.
ஒரே விமானம். நானும் கிர்ட்ஸும்
ஆளுக்கு நாலு விரலால்
ஒரே நொடியில் அழுத்தினோம்.
ஆர்விட்ஸுக்கு எண்பத்து நாலு யூரோ.
ஸைகாவுக்கு நூற்றுப் பத்து.
மீல்டாவுக்கு இருநூற்று ஆறு.
கிர்ட்ஸ் விசிலடித்தான். நான் படம் எடுத்தேன்.
சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர்
தேநீரில் எலுமிச்சை பிழிந்தபடி சொன்னார்:
"யாரும் விலை வைக்கவில்லை. அது தானே கற்றுக்கொண்டது."
எதைக் கற்றுக்கொண்டது, என்றாள் எங்கள் தலைவி.
அவர் நீட்டிய நாற்பது பக்கத்திலும்
வரிக்கு வரி கருப்பு மை.
மை படாமல் ஒரு சொல் தப்பியிருந்தது:
'விருப்பம்'.

விருப்பமாம்.
எரிகிற வீட்டு வாசலில் வாளி விற்பவன்
தீயின் உயரம் பார்த்து விலை சொல்கிறான்.
நீளுகிற கைக்கு அந்தப் பெயர்.

மார்ச்சில், இன்னும் தீர்ப்பு வராத ஒரு வியாழன் இரவு
டப்ளினிலிருந்து அழைப்பு.
சாரம் சரிந்திருக்கிறது. தம்பி கண் திறக்கவில்லை.
என் கைபேசியில் தேடினேன்:
முந்நூற்றுப் பதினொன்று.

அலமாரிச் சாவி என் பையிலேயே இருந்தது.
உள்ளே ஆர்விட்ஸ்,
அரசு முத்திரையிட்ட உறைக்குள்,
மலிவாக.
கொஞ்ச நேரம் சாவியை உருட்டிக்கொண்டிருந்தேன்.
பிறகு பழக்கதோஷம், திரையைப் படம் எடுத்துவிட்டு
முந்நூற்றுப் பதினொன்றைக் கட்டினேன்.

பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தேன்.
'பயனர் வரலாறு: புனைவு' என்று
எல்லா வரியிலும் அச்சாகியிருக்கும்.
இந்த வரியில் அடித்தேன்.
வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல்
காலியாக விட்டேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரன்
கம்பு ரொட்டியும் மீனும் தின்றுகொண்டிருந்தான்.
கேட்கக்கூடாதுதான், கேட்டேன்:
எவ்வளவு கொடுத்தீர்கள்?
ஐம்பத்தொன்பது, என்றான்,
எதையோ திருடிவிட்டவன் போலக்
குரலைத் தாழ்த்தி.