நாலு சுவருக்குள்

சரக்கு எங்கே இருக்கும் என்று கேட்கிறது படிவம்.
எங்கே என்று எழுத?

இன்றைக்கு வைகாசி முகூர்த்தம்.
இருநூறு நாற்காலியில் நூற்றைம்பது
கட்டிமேட்டில், ஒரு நிக்காஹ் வீட்டு வாசலில்.
மீதி ஆலத்தம்பாடியில், நேற்று இறந்துபோன
போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் தெருவில்.
பெரிய அண்டா இரண்டும் கோட்டூரில் கொதிக்கின்றன.
ஜெனரேட்டர் ஏதோ பாலத்தடியில்
டீசல் தீர்ந்து நிற்பதாக இப்போதுதான் போன் வந்தது.
முள்ளியாற்றங்கரைக் குடோனில் இந்த நிமிஷம்
நானும், கால் உடைந்த மேடைச் சோபாவும்,
ஏஜெண்ட் ஹாஜாமைதீனும்.

"நாலு சுவத்துக்குள்ள இருந்தாத்தான்க்கா கணக்கு.
வெளிய போனா அதுக்குத் தனி."

தனி என்றால் இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு.
கல்லாவில் கட்டிமேட்டு அட்வான்ஸ் எட்டாயிரம்,
டீசலுக்குப் போக.

திருட்டுக்குப் பூட்டு உடைந்திருக்க வேண்டுமாம்.
என் கடையில் எந்தப் பூட்டும் உடைந்ததில்லை.
போன ஆவணியில் பதினோரு கரண்டி,
தையில் ஒரு ஜல்லிக்கரண்டி,
காதுகுத்துக்குப் போன தாம்பாளம் ஒன்று,
எல்லாம் தாம்பூலப் பையோடு பையாக
சிரித்துக்கொண்டே யார் வீட்டுக்கோ போயின.
அடியில் அ.வா.பா. என்று வெட்டியிருக்கும்.
அஞ்சம்மாள் வாடகைப் பாத்திரம்.
சில வீட்டு அடுக்களையில் என் எழுத்து என்னைப் பார்க்கும்.
பார்க்காத மாதிரி மோர் வாங்கிக் குடிப்பேன்.
திருட்டை அடித்துவிட்டேன்.

வெள்ளத்துக்கும் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.
கஜா வருஷம் கூரைத் தகரம் பறந்ததே?
"அது புயல். உண்டு."
கரை உடைந்து அண்டாவெல்லாம் மிதந்ததே?
"அது வெள்ளம். உண்டு."
ஒழுகி ஒழுகி வெல்வெட் திரை பூஞ்சை பூத்ததே?
"அது நீங்க தகரம் மாத்தாதது."

மேட்டூர் திறக்காத வருஷம்?
குறுவை இல்லை, சம்பாவும் பதர்.
பேசி முடித்த கல்யாணமெல்லாம் தள்ளிப்போய்
ஒன்றின் மடியில் ஒன்றாக நாற்காலிகள்
கூரை தொட அடுக்கிக் கிடந்தனவே
ஆறு மாசம்,
நாலு சுவருக்குள்ளேயே,
பூட்டு உடையாமல்,
ஒரு கீறல் இல்லாமல்?

பேனாவை மூடி வைத்துவிட்டு
ரெண்டு டீ சொன்னார் ஹாஜா.

வேலையாள் எத்தனை பேர் என்றார் பிறகு.
ஒருத்தன்தான். சித்திரவேலு.
மூங்கில் உச்சியில் நின்று சீரியல் லைட் கட்டுகிறவன்.
மாசியில் ஒருநாள் ஈர வயர் அவனை உதறிப்போட்டது.
கீழே வைக்கோல் போர் இருந்தது.
எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு,
விட்ட இடத்திலிருந்து கட்டினான்.
அன்றிலிருந்து பந்தல் பேசப் போகிற இடத்திலெல்லாம்
எனக்கு முதலில் கண்போவது
வைக்கோல் போர் இருக்கிறதா என்றுதான்.

"மாசச் சம்பளம்?"
அப்படி ஒன்று இல்லை. பந்தலுக்கு இவ்வளவு.
சாப்பாடு விசேஷ வீட்டில்.
"ஏழாயிரம்னு போடுங்கக்கா. பிரீமியம் குறையும்."
விழுந்தால் வருவதும் குறையும் என்பதை
நான் கேட்ட பிறகுதான் சொல்கிறார்.

பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன்.
கூடின தொகைக்கு
மேடைச் சோபாவைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
ஏற்கெனவே கால் போனதுதானே.

ராத்திரி ஒன்பதரைக்குக் கட்டிமேட்டு வண்டி வந்தது.
பிரியாணி வாசத்தோடு இறங்கினான்.
கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினேன்.
பல்பு வெளிச்சத்தில் பிடித்து
விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் போனான்.
ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பேப்பர்ல பன்னெண்டாயிரம்னு போட்டுருக்கே.
கையில எப்பக்கா?"

நான் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
நூற்று நாற்பத்தாறு.
மறுபடி முதலிலிருந்து.