காட்சி பதினேழு

மங்கிஸ்தாவின் சுண்ணாம்பு மேடுகள்.
எழுபத்து நாலில் இங்கேதான்
லென்ஸில் சிவப்புக் கண்ணாடி மாட்டி
செவ்வாயை எடுத்தார்கள்.

அதில் விண்வெளி வீரனுக்குப் பின்னால்
ஒரு நாய் கடந்துபோகும்.
யார் வீட்டு நாயோ.
மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை, விட்டுவிட்டார்கள்.
பிறகு ஓர் ஆய்வேடு அதை மனசாட்சி என்றது.
இன்னொன்று இருநூறு பக்கம் போய்
அதுதான் பூமி என்று முடித்தது.

இப்போது அதே படம், மறுபடி.
பழைய சட்டகத்தைப் பக்கத்தில் வைத்து
பிசகு சொல்வது என் வேலை.
அல்மாத்தியில் தெமிர்லான்
நாற்பது நாளாய்க் கணினியில் நாய் செய்கிறான்.
இடது காது மட்டும்
மடிய மாட்டேன் என்கிறதாம்.

நேற்று கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
மேட்டுக்குப் பின்னாலிருந்து
எலும்பும் தோலுமாய் ஒன்று வந்தது.
வெயிலைப் பார்த்துத் தும்மியது.
வீரனின் காலடித் தடத்தை
நின்று நிதானமாய் முகர்ந்தது.

"கட்! விரட்டு அதை!"

போத்தகோஸ் கல்லெடுத்தாள்,
எறியவில்லை, கையை ஓங்கினாள்.
அது போனது,
அப்படியொன்றும் அவசரமில்லாமல்,
இடது காது மடிந்து.

குறிப்பேட்டில் எழுதினேன்:
காட்சி பதினேழு, டேக் நான்கு. பயனில்லை.
காரணம்: நாய்.