செயலாளர் அறிக்கை

பதினொரு கூட்டம் நடந்தது.
பன்னிரண்டாவது, ஐப்பசியில், கோரம் காணாது:
அன்று பின்னேரம் நண்டு பட்டது.
சுவாமி மட்டும் வந்து
மின்விசிறியைப் போட்டுப் பத்து நிமிஷம் பார்த்து
நிப்பாட்டிவிட்டுப் போனார்.

போன வருச அறிக்கையை
எஸ்தாக்கியர் முன்மொழிந்தார்.
வழிமொழிய வேண்டிய டொமினிக்
வெளியில் நின்று போன் கதைத்ததால்
அது ஆறு நிமிஷம் வழியிலேயே நின்றது.

சேமக்காலை மதில்
மார்கழி மழைக்குப் பதினெட்டு அடி விழுந்தது.
சீமெந்து பதினாறு பை.
ஆறு, கனடாக் காசு.
பத்து, இங்கே இறால் வித்த காசு,
சில தாள்களில் செதிலும் ஒட்டியிருந்தது.
பதினாலு அடி எழும்பிவிட்டது.
மிச்சம் நாலடியை ஏன் விட்டது என்று
சபையில் ஒருவரும் கேட்கவில்லை.
பவுலீனாக்கா அந்த வெட்டையாலதான்
நாலரைக்கு மனுசனிட்டப் போறவ.
கேற்றால் சுத்திப்போக முழங்கால் விடாது.
‘நிதிப் பற்றாக்குறை’ என்று எழுதினேன்.
பெட்டியில் காசு இருந்தது.
பொருளாளர் கண்ணாடியைத் துடைத்தபடி
ஓம், எழுதுங்கோ என்றார்.

ரோலர் அறுத்த வலைகளுக்காக
மகஜர் மூன்று அனுப்பினோம்.
பதில் ஒன்று வந்தது:
கிடைத்தது என்று.

ஒலிபெருக்கி பற்றி ஒரு கடிதம்.
றெஜினாவின் மருமகனுக்கு
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
விடிய ஐந்துக்கு அவர் தலையைச் சாய்க்க
நாங்கள் திரிகாலச் செபம் தொடங்குகிறோம்.
வடக்குக் குழலைக் கடலுக்குத் திருப்பினோம்.
இப்போது மீனுக்குத்தான் அருள் நிறைந்த மரியே
என்று சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
தை மாதத்தில் ஒரு நாள்
மண்டைதீவுப் பக்கம் வலை போட்டிருந்த கிறிஸ்ரி
பனிப்புகாருக்குள் கரை தெரியாமல்
அந்தச் சத்தத்தைப் பிடித்துப் பிடித்து வந்தாராம்.
அறிக்கையில் சேர்க்கவில்லை.
கிறிஸ்ரி கூட்டிச் சொல்லுகிற ஆள்.
ஆனால் அன்று அவர் வந்து
கோயில் படியில் ஈரச் சாரத்தோடு இருந்ததை
நான் கண்டேன்.

இளைஞர் ஒன்றியத் தலைவர்
ஆனியில் பிரான்சுக்குப் போனார்.
உபதலைவர் ஆவணியில்.
இப்போது தலைவர் கெவின், பதினேழு வயசு,
கூட்டத்துக்குக் கதிரை அடுக்குகிறதும் அவன்தான்.

கதிரை என்றதும் ஞாபகம்.
வைரவர் கோயில் அன்னதானத்துக்கு
இருநூறு இரவல் கொடுத்தோம்.
இருநூற்று மூன்று திரும்பி வந்தன.
மூன்றின் முதுகில் பச்சைப் பெயின்ற்றில்
சூலம், கீழே ஒரு இலக்கம்.
கொண்டுபோய்க் கொடுத்த பெடியனை
எங்கட கணக்குச் சரி தம்பி, என்று
கதிரையோடு திருப்பி அனுப்பிவிட்டினம்.
இரண்டு கூட்டம் இதிலேயே போனது.
சொத்துப் பதிவேட்டில் ஏற்றினால் களவு.
ஏற்றாவிட்டால் எண்ணிக்கை பிழை.
நன்கொடை என்று போடுங்கோ, என்றார் அருளப்பர்.
அப்ப நன்றிக் கடிதம் எழுதவேணும்,
தரேல்லை எண்டு நிக்கிற ஆக்களுக்கு
நன்றி எப்பிடி எழுதிறது? என்றா அல்வீனா ரீச்சர்.
சுவாமி சிரிப்பை இருமலாக்கினார்.
அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த அமர்வுதான் அந்த ஐப்பசி.

நாளைக்கு இரண்டாம் பூசை முடிய
இதை மைக்கில் வாசிக்க வேண்டும்.
இரண்டு பக்கம். வெட்டி வெட்டி
ஒன்றரையாக்கி இருக்கிறேன்.
சனம் பாதியில் எழும்பும்,
ஞாயிறு இறைச்சி அடுப்பில் கிடக்கும்.
மதில், வலை, குழல், கணக்கு மீதி,
பிறகு ‘வேறு விடயங்கள்: இல்லை’.

வாசித்து முடிய எனக்கு இருக்க
கெவின் எந்தக் கதிரையை வைப்பான் என்று தெரியும்.
சூலம் போட்டது.
மண்டபத்தில் அந்த மூன்றுக்கும்தான்
கால் ஆடாது.