சாரதி இறங்கவும்

என் அறைக் கண்ணாடியில்
சிவப்புப் பெயின்ற்றால் நானே எழுதியது:
சாரதி இறங்கவும்.
ஆள் உள்ளே இருந்தால்
ஆளின் நிறையும் உப்போடு சேரும்.
பதினொரு வருஷமாய் நிலாவெளி உப்பளத்தில்
லொறிகளை நிறுப்பது என் வேலை.

கார்த்திகையில் ஒரு பின்னேரம்.
காலையில் வெறும் லொறியை நிறுத்தபோது
காய்ந்து கிடந்த தட்டில்
மழை சேற்றைக் கொண்டுவந்து கட்டியிருந்தது.
உப்போடு நிஸ்தாரின் லொறி ஏறியது.
நான் பூச்சியம் பார்க்கவில்லை.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது,
அவ்வளவுதான் காரணம்.
துண்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

போய் இறக்கிய இடத்தில்
நூற்றெண்பது கிலோ குறைவு.
"மழையில கரைஞ்சிருக்கும் சேர்" என்று
பகிடி விட்டுப் பார்த்தானாம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வழியில் விற்றவன் என்று பெயராயிற்று.
லொறித் திறப்பை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அன்றைக்கு அவன் போனபின்
வெறும் தட்டு நூற்றெண்பது காட்டியதை
நான் மட்டும்தான் பார்த்தேன்.
மண்வெட்டியால் சேற்றை நானே வழித்தேன்.
பூச்சியம் வந்தது.
வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை.
அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்து
சனம் போய்விட்டது.
சங்கிலித்தாம் வாடிய பூக்களை
வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்.
முழங்காற் பலகையில் நின்று
வழக்கம்போல் பெரிதாய்த் தொடங்கினேன்,
சர்வ வல்லமையுள்ளவரே, நித்தியரே என்று.
பிறகு காரணங்கள்:
மூத்தவளின் வகுப்புக் காசு,
ஒழுகுகிற கூரை,
மனேஜரின் முகம்.
எல்லாம் மெய்தான்.
எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு
நானும் மேலே ஏறி இருந்தேன்.

கடற்பக்கத்து யன்னல் ஒன்று அடித்துக்கொண்டது.
குரல் ஒன்றும் கேட்கவில்லை,
பொய் சொல்லமாட்டேன்.
என் கையெழுத்துத்தான் கண்ணுக்குள் வந்தது,
சிவப்பாய்,
'ற' மட்டும் கொஞ்சம் சரிந்து.

சிறுவயதிலிருந்து
இரங்கும், இரங்கும் என்று
எத்தனையாயிரம் தரம் ஓதியிருப்பேன்.
அந்தச் சொல்லைத்தான்
ஒரு எழுத்து மாற்றி
எனக்கே திருப்பித் தந்தீரா?

இறங்கினேன்,
பலகையிலிருந்து சீமெந்துத் தரைக்கு.
நெற்றி பட்ட இடத்தில் மெழுகு மணத்தது.
வாயில் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்:
ஆண்டவரே, நான் பூச்சியம் பார்க்கவில்லை.
தெரிந்தும் சொல்லவில்லை.
அவன் பெயர் நிஸ்தார்.

பெயர் உமக்குத் தெரியும்.
ஆனாலும் சொன்னேன்.
மூன்று மாதமாய்
அந்தப் பெயர் என் வாய்க்கு வந்ததில்லை.

பாரம் குறைந்ததா என்றால்,
நிறுக்கிறவன் நான்,
அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன்.
இலக்கங்கள் ஓடி நிற்க நேரம் வேண்டும்.
"தம்பி, பூட்டப்போறன்" என்றார் சங்கிலித்தாம்.
நெற்றியில் ஒட்டிய மெழுகோடு எழும்பினேன்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில்
நிஸ்தார் இப்போது இறாலுக்கு வலை வீசுகிறான் என்று கேள்வி.
சைக்கிளில் பாலம்வரை போய்த்
திரும்பி வந்துவிட்டேன்,
அதையும் சொல்லவேண்டும்.
சில்லுக்குக் காற்றுக் குறைவு என்று
எனக்கே ஒரு துண்டு
கிழித்துக் கொடுத்துக்கொண்டேன்.

இரண்டாந்தரம் போனபோது
பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே இறங்கி
சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.
சட்டைப் பையில்
மனேஜருக்கு எழுதிய கடிதம்,
வேர்வையில் ஒரு மூலை நனைந்து.

இடுப்பளவு தண்ணியில் நின்றவன்
வலையை விடாமல்
நிமிர்ந்து பார்த்தான்.