வெற்று

மொனிட்டரை நிற்பாட்டிவிட்டுத்தான்
வேலை செய்வான் நிமலரூபன்.
முதல் நாள், பழுதென்று நினைத்து
மாங்குளத்திலிருந்து ஆள் கூப்பிட
ஃபோனையும் எடுத்துவிட்டேன்.
"கரண்ட் மிச்சம் அக்கா" என்றான்.
விரல் ஓடிக்கொண்டிருந்தது.

மல்லாவிப் பால் சங்கத்துக்கு ஒரேயொரு கொம்பியூட்டர்.
காலையில் அவனுக்கு, பின்னேரம் எனக்கு.
அவனோடு அது கதைக்கிற வேகம்
தகரத்தில் விழுகிற மழை, எனக்கு ஒரு சொல் பிடிபடாது.
தலையிடி என்று சத்தத்தை அடைத்துவிட்டுப் போவேன்.
மறுநாள் அவன் வந்து
ஆளில்லாத வீட்டுப் படலையைத் தட்டுவதுபோல்
தட்டிக்கொண்டிருப்பான்.

எழுத்து மறக்கிறதென்று ஒருக்கால்
கீபோர்ட் முழுக்கப் பாமினி ஸ்டிக்கர் ஒட்டினேன்.
எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்னக் கீற்று
அதற்குள் மூடுண்டு போனது.
விரல் வீடு தெரியாமல் அலைந்து,
யாரோ ஒருவரின் ஒன்பது லீற்றர்
தொண்ணூறாய்ப் போன பிறகுதான் வாய் திறந்தான்.
'க'வையும் 'த'வையும் உரித்தேன்.
இப்போது அந்த இரண்டு எழுத்தும்
எனக்கும் விரலில்தான் இருக்கின்றன.

பழைய பதிவு முழுக்கப் பாமினி.
நான் பார்த்தால் தமிழ்.
அது வாசித்தால், தமிழ் என்ற சொல்லே
ஜே கே பி ஓ.
"நீங்கள் பாக்கிறது உடுப்பு அக்கா,
உள்ளுக்கு நிக்கிறது வேறை ஆள்."
இருநூற்றுப் பதினாலு பேரையும்
யூனிகோடில் திரும்ப அடிக்கத் தொடங்கினோம்.
எனக்காக வேகத்தைக் குறைத்தான்.
நான் அடிக்க, அது வாசிக்க, அவன் பிழை பிடிக்க:
"பொன்னுத்துரையிலை ஒரு 'ன்' காணேல்லை."

நூற்றறுபத்தேழு நான்.
பெயர். அடையாள அட்டை. மாடு இரண்டு.
கணவர் பெயர்:
வெற்று, என்றது.

பழையதிலும் அப்படித்தான் விட்டிருந்தேன்.
எழுதினால் அடுத்த கட்டம் கேட்கும்
உயிருடனா, இல்லையா என்று.
அதில் இரண்டே இரண்டு பெட்டி.
கண்ணுக்கு வெறும் வெள்ளை, தாண்டிப் போய்விடலாம்.
கானோடு நின்ற ஆறு பேர் கேட்க
நான் அம்பை மேலே தள்ள, கீழே தள்ள
வெற்று
வெற்று என்று சொல்லிக்கொண்டே நின்றது.

என் கைக்கு மேலால் அவன் கை போய்
கண்ட்ரோலை அழுத்தியது.

"இதிலை பிழை ஒண்டுமில்லை" என்றான்.
"அடுத்தது?"

நூற்றறுபத்தெட்டு, பவளராணி.
மாடு ஒன்று. சினை.