மூன்றில் ஒன்று

கடலூர் முதுநகருக்குத் தெற்கே
லாரிகளை நிறுத்தி எடை சொல்வது என் வேலை.
என் மேடைக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும்.
கிளீனர் பையன் இறங்காமல் தூங்கினால் காட்டிக்கொடுத்துவிடும்.
அவன் காலடியில் இருக்கும் நாலு கிலோ சங்கராவைக்
காட்டலாம்,
காட்டாமலும் போகலாம்.

அஞ்சலாட்சி தேர்தலில் நின்றாள்.
எட்டுப் பேர் சேர்ந்த கட்சி,
கொடிக்கு என்ன நிறம் என்று
அந்த எட்டுக்குள்ளேயே தகராறு.
கேட்ட சின்னம் மின்விசிறி, கிடைத்தது ஜன்னல்.
எங்கள் தெருமுனையில் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தி,
மைக் மக்கர் செய்ய, வெறும் தொண்டையில் சொன்னாள்:
"ராத்திரி ரெண்டு மணிக்கு நாறுறப்ப
எல்லாரும் எழுந்து சாத்துறோமே, அதுதாங்க என் சின்னம்."
நாலு பேர் சிரித்தார்கள்.
நாய் ஒன்று அவள் நோட்டீசின் மேல் படுத்துக்கொண்டது.

"மாமா, ஓட்டைக் கொண்டுபோய் உப்பனாத்துல போடாதீங்க"
என்றான் மைத்துனன் தெய்வசிகாமணி,
பெரிய கட்சியின் பூத் ஏஜென்ட்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன்டா நான்,
தொழிலே அதுதான் என்றேன்.

பொத்தானை அழுத்தினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி நின்றது
நகத்தளவு ஜன்னல்.
பிறகு அறுந்து உள்ளே விழுந்தது.

ஜெயித்தவருக்குப் பதினோராயிரம் வித்தியாசம்.
அன்று நான் பாயைவிட்டு எழாமலே இருந்திருந்தாலும்
அதே மாலை, அதே வெடி, அதே பிரியாணி.
இதை நான் மறுக்கவில்லை.
பத்தாயிரம் டெபாசிட்டும் போயிற்று அஞ்சலாட்சிக்கு,
சீட்டுப் பிடித்துக் கட்டிய பணம்.

ஒரு மாதம் கழித்து தெய்வசிகாமணி
பூத்வாரிக் கணக்கை விரித்து விரலை வைத்தான்.
எங்கள் பூத்தில் ஜன்னல்: மூன்று.
அஞ்சலாட்சிக்கு ஓட்டு வேறு பூத்தில்.
ஒன்று நான்.
மற்ற இரண்டு பேர் யார்?

அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது.
இட்லிக் கடை வேதவல்லியா?
கம்பத்திலிருந்து விழுந்து பிழைத்த லைன்மேன் ஞானப்பிரகாசமா?
வலைக்கடை கமாலுதீன் பாயா?
"ராத்திரி காத்து எப்படி?" என்று கேட்டுப் பார்த்தேன்.
எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள்.
அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?
மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தேன்.
"என்னை ஏன் பாக்குறீங்க,
காசு வாங்கின இடத்துலதான் போட்டேன்,
வாங்கிட்டு மாத்திப் போட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.
அவள் நியாயம் அவளுக்கு.

ஆடி மாதம், நல்ல வெயில்.
தோளில் பெரிய கட்சித் துண்டோடு வந்தான்
எங்கள் தெரு லோடு லாரி டிரைவர் பாவாடைராயன்.
சீட்டு அடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்,
நம்ம பூத்தில் ஜன்னலுக்கு மூணாமே.
"மூணா?" என்றான்.
"நான் ஒருத்தன்தான்னு..."
அதற்குமேல் பேசவில்லை.
மீதி இருபது ரூபாயை வாங்காமலே
கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டான்.
அந்த இருபது இன்னும் மேஜைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது.

நேற்று ராத்திரி மறுபடி வந்தது அந்த நாற்றம்,
அழுகிய முட்டையும் ஆணிச்சாயமும் கலந்த மாதிரி.
எழுந்தேன், சாத்தவில்லை.
கம்பியைப் பிடித்தபடி இருட்டில் நின்றேன்.
எதிர் வீட்டில் டப்.
வேதவல்லி வீட்டு மாடியில் டப்.
கொக்கி துருப்பிடித்த ஒன்று இழுத்து இழுத்து டப்.
தெய்வசிகாமணி வீட்டில் இரண்டு.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அதற்குள் இருமல் வந்துவிட்டது.